சித்தியை யாரும் கேட்கவில்லை

சித்திக்கு முதலில் ஒரு பெண் பிறந்தாள். அவள் தவழ்ந்து, நடந்து, பால்வாடிக்குப் போகத் தொடங்கிய பிறகும் அடுத்த குழந்தை நிற்கவில்லை. அதற்கு எங்கள் வீட்டில் எத்தனையோ காரணங்கள் சொல்லப்பட்டன. தலைப்பிரசவம் முடிந்து வந்தவள் பத்தியம் இருக்கவில்லை, கிரகணத்தன்று வெளியே வந்தாள், அவள் நட்சத்திரமே சரியில்லை. எல்லாக் குற்றமும் சித்தியிடமே இருந்தது. சித்தப்பாவிடம் பேருக்குக்கூட ஒன்று இல்லை.

நாங்கள் அடி அண்ணாமலையில் ஒரே வீட்டில் கூட்டாக இருந்தோம். பௌர்ணமிக்கு மலை சுற்றும் கூட்டம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். அப்பாவும் சித்தப்பாவும் அங்கே இளநீர்க் கடை போடுவார்கள். சித்திக்கு மட்டும் அன்று கடை வேலை கிடையாது. அவள் வெறுங்காலோடு மலையைச் சுற்ற வேண்டும். இது அப்பாவின் அக்காவான அத்தையின் உத்தரவு. அத்தை குடியிருந்தது பக்கத்துத் தெருவில். அதிகாரம் செய்தது எங்கள் வீட்டில்.

துணைக்கு என்னை அனுப்புவார்கள். எனக்கு அது திருவிழா. பஞ்சுமிட்டாயைத் தின்றுகொண்டே நடப்பேன். சித்தி பாதி வழியில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கால் வலியா என்று கேட்பேன். ஆமாம் என்பாள். மாதாமாதம் ரத்தப்போக்கு அவளைச் சக்கையாகப் பிழிந்துகொண்டிருந்ததும், அதைச் சொல்லப்போன இடத்தில் சத்து மாத்திரையைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ஓர் ஆடி மாதம் அத்தை அவளை அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய் மண்சோறு சாப்பிட வைத்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முட்டி போட்டு, தரையில் போட்ட சோற்றைச் சித்தி வாயால் கவ்வித் தின்றாள். அவள் மகள் அதை விளையாட்டு என்று நினைத்துத் தானும் பக்கத்தில் குனிந்தாள். அத்தை அந்தக் குழந்தையின் முதுகில் ஒன்று வைத்தாள். சித்தி தலையைத் தூக்காமல் தின்று முடித்தாள்.

பிறகு ஒருநாள் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுக்கும்போது சித்தி மயங்கி விழுந்தாள். இனியும் பொறுக்க முடியாது என்று அம்மாதான் சண்டை போட்டு அவளை டவுனுக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். படத்தைப் பார்த்த டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். “காப்பர்-டி வச்சிக்கினு புள்ள நிக்கலன்னா எப்படிம்மா நிக்கும்?” என்று கேட்டாராம்.

கரு தங்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் சாதனம் அது. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில், குழந்தை வெளியே வந்த கையோடு, வலியில் கிடந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிட்டிருக்கிறார்கள். அதை உள்ளே வைத்துக்கொண்டுதான் சித்தி அத்தனை பௌர்ணமிகள் மலை சுற்றினாள். அந்த மண்சோற்றையும் தின்றாள்.

அடுத்த நாளே சித்தப்பாவும் அத்தையும் அவளை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். சித்தியின் மகளைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். அங்கிருந்த நர்ஸம்மாவுக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை.

“எல்லாருக்கும் வைக்கிறதுதான். சொல்லியிருப்போம், வலியில மறந்திருப்ப. உன் நல்லதுக்குத்தானே?” என்றாள்.

“சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா மறப்பனா நானு?” என்றாள் சித்தி.

“சரி வுடும்மா, ஆனது ஆச்சி,” என்று அத்தை குறுக்கே வந்தாள். “இப்பவே எடுத்துடுங்க. அடுத்த வருஷம் ஆம்பளப் புள்ளயோட வரோம்.”

சித்தப்பா தலையாட்டினார். நர்ஸம்மாவும் தலையாட்டினாள். “போய்ப் படும்மா” என்று திரையை விலக்கினாள். மூவரும் சித்தியின் தலைக்கு மேலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

சித்தி படுக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்று வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“வைக்கிறப்பவும் என்னைக் கேக்கல. எடுக்கிறப்பவும் கேக்க மாட்டீங்களா? இது யாரு வயிறு? மண்ணுல சோறு போட்டுத் தின்ன வச்சீங்களே, அப்ப யாருனா கேட்டீங்களா, உனக்கு இன்னா வலின்னு?”

சத்தம் கேட்டு ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. சித்தப்பாவையும் அத்தையையும் வெளியே இருக்கச் சொன்னார். சித்தியின் முந்தானையை விடமாட்டேன் என்று அழுத அவள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மட்டும் மூலையில் நின்றேன்.

“உங்களைக் கேட்காம வச்சது தப்பு,” என்றார் டாக்டரம்மா. “நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இன்னா வேணும்?”

கத்தும்போது வராத அழுகை சித்திக்கு அப்போது வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எடுத்தால் வலி நிற்குமா, உடம்பு தேற எவ்வளவு நாளாகும், குழந்தையைத் தள்ளிப்போட வேறு என்ன வழி இருக்கிறது. டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

“இத எடுத்துடுங்கம்மா, தாங்க முடியல. அடுத்தது இப்ப வேணாம். முதல்ல என் உடம்பு தேறட்டும். அதுவரைக்கும் மாத்திரை குடுங்க.”

வெளியே வந்ததும் சித்தப்பா, “எடுத்தாச்சா?” என்று கேட்டார். சித்தி, “எடுத்தாச்சு” என்றாள். மாத்திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் அத்தை மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சில வருஷம் கழித்துத்தான் சித்திக்கு இன்னொரு பெண் பிறந்தாள். அந்தத் தாமதத்துக்கும் அத்தை அவள் நட்சத்திரத்தையே திட்டினாள். சித்தி தன்பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று ராட்டினம் சுற்றப்போகிறவள்போல எனக்கு ஒரே குஷி. ஆட்டோவை விட்டு இறங்கியதும் சித்தியின் காதில், “தம்பிப் பாப்பா எப்ப வரும்?” என்று கேட்டேன்.

“நான் சொல்றப்ப,” என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பிள்ளை தருவது சாமியா, டாக்டரா என்பதுதான் அப்போது எனக்கிருந்த சந்தேகம். அதில் சித்திக்கும் ஒரு பேச்சு உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.