சுத்தபோசனமும் சோஸ் அடுப்பும்

"21.02.1996. விபூதிப் புதன். இன்று முதல் இறைச்சி இல்லை. எனக்குக் காலை வேலை தொடக்கம்."

கியூபெக் மாகாணத்து லாசாலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினிச் சுவரில் ஒரு கோயில் நாள்காட்டி தொங்கியது. அதில் அந்தத் தேதிக்குரிய கட்டத்துக்குள் நான் எழுதிவைத்த குறிப்பு இது. நாள்காட்டியில் குறிப்பெழுதுவது என் நெடுநாள் பழக்கம். வருடம் முடிந்த பிறகும் அவற்றை எறிவதில்லை. இரண்டு செய்திகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது அவை மோதிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று மத்தியானத்துக்கு முன்னரே தெரிந்துவிட்டது.

அதுவரை நான் டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் குசினியில் பின்னேர வேலை செய்துவந்தேன். மனைவிக்குத் தையல் தொழிற்சாலையில் பகல் வேலை. அவள் வீட்டுக்குள் வரும்போது நான் வாசலில் சப்பாத்துப் போட்டபடி நிற்பேன். சின்ன மகனை அவள் கையில் கொடுத்துவிட்டு மெற்றோவுக்கு ஓடுவேன். மகள் முதலாம் வகுப்பில் குடும்பப் படம் வரைந்தபோது, தாயையும் தம்பியையும் மேசையடியில் நிறுத்தி, என்னைக் கட்டிலில் படுக்கப்போட்டிருந்தாள். ஆசிரியை அதற்கு ஒரு நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்திருந்தார்.

அந்த நேரத்தில் காலையில் சோஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். அந்த இடத்தைக் கேட்டேன். தலைமைச் சமையற்காரரை நாங்கள் செஃப் என்று மட்டுமே கூப்பிடுவோம். அறுபதை நெருங்கிய கியூபெக்காரர். பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், வரை என் வேலையைப் பார்ப்பேன் என்றார். சரிவந்தால் காலை வேலை எனக்கு, இல்லாவிட்டால் பழையபடி பின்னேரம். ஒரேயொரு நிபந்தனை: ருசி பார்க்காமல் எந்தப் பானையும் அடுப்பை விட்டு இறங்கக்கூடாது.

சோஸ் எல்லாமே மாட்டெலும்பை நாள்முழுக்கக் கொதிக்கவைத்து எடுத்த சாற்றில்தான் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் கரையோரப் பங்கிலோ, பாஸ்குவுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் வீட்டுக்குள் இறைச்சி வராது. திருச்சபை கேட்பது விபூதிப் புதனிலும் வெள்ளிக்கிழமைகளிலும் சுத்தபோசனம், அதாவது இறைச்சி நீக்கிய சாப்பாடு. நாற்பது நாளும் என்பது ஊர் தானாகச் சேர்த்துக்கொண்டது. மீன்பிடிக்கிற ஊர் என்பதால் அது எவரையும் பெரிதாக வருத்தியதாக எனக்கு நினைவில்லை.

விடியற்பூசைக்குப் போய்ச் சாம்பல் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். மரக்கறி வெட்டும் தம்பி, இணுவில் பக்கத்துச் சைவப் பெடியன், என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னண்ணை நெத்தியிலை? எங்கட பக்கம் வந்திட்டியளோ?"

"விபூதிப் புதனடா."

"திருநீறு வெள்ளையா எல்லோ இருக்கும். இது அடுப்புக்கரி மாதிரிக் கிடக்கு."

பதில் சொல்வதற்குள் முதற்பானை தயாராகிவிட்டது. கரண்டியில் அள்ளி வாயருகே கொண்டுபோன பிறகுதான் எனக்கு விளங்கியது. கரண்டியை அவனிடம் நீட்டினேன்.

"தம்பி, ஒருக்கா வாயிலை வைச்சுப் பார்."

"ஏன், உங்களுக்கு நாக்கில்லையோ?"

"பாஸ்கு வரைக்கும் இல்லை."

அவன் ருசி பார்த்து, உப்புக் காணாது என்றான். போட்டேன். வியாழனும் அப்படியே போனது. வெள்ளிக்கிழமை கரண்டியை நீட்டினால் ஓரடி பின்வாங்கினான்.

"இண்டைக்கு வெள்ளியண்ணை. நான் மரக்கறி."

"ஒரு துளியடா."

"மீனைத் திண்டுகொண்டு தவமிருக்கிற ஆக்களுக்காக நான் என்ர விரதத்தை முறிக்கேலாது, சொல்லிப்போட்டன்."

கோப்பை கழுவும் ஹெயிற்றிக்கார அம்மாவிடம் போனேன். அவர் கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுக்காட்டி, ஈரவிரலை இடமும் வலமும் ஆட்டினார். வெள்ளிக்கிழமை அவருக்கும் சுத்தபோசனம். இப்படியாக, இறைச்சி கொதித்துக்கொண்டேயிருக்கும் குசினியில் அதை வாயில் வைக்க ஆளில்லாமல் போனது.

மிஞ்சியவர் செஃப் ஒருவர்தான். அவரைக் கேட்க எனக்குத் துணிவில்லை; அன்று பானையை ருசி பார்க்காமலே இறக்கினேன். கோயிற் பொருட்களின் பெயர்களை ஏசுவதற்கு வைத்திருக்கிற ஊர் இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் "தபர்னாக்!" என்று கத்தியபோது, அந்தச் சொல்லுக்குரிய நற்கருணைப் பேழையை நினைத்து மரியாதையாகத் தலை குனிந்தேன். பக்திமான் ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தேன். அடுப்பு அணைந்தால் பேழை, தட்டு உடைந்தால் திருக்கிண்ணம் என்ற ஒழுங்கு விளங்கப் பல கிழமைகள் எடுத்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். வயதானவர், பனிக்கு முழங்கால்வரை சப்பாத்துப் போட்டிருந்தார். சமையற்காரன் ருசி பார்ப்பது சாப்பிடுவதாகாது, பயப்படாதே என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அது போதும் போலிருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மகனுக்குக் கம்பளிச் சட்டை கழற்றிக்கொண்டிருந்தாள்.

"பாவமில்லையெண்டு தானே சொன்னவர். செய் எண்டு சொல்லேல்லையே."

"வேலை கிடைக்காட்டி?"

"கிடைக்கும். இஞ்சேருங்கோ, நான் எப்ப கறியை நக்கிப் பாத்துச் சமைச்சனான்? கொதிக்கேக்கை வாசத்திலை உப்புத் தெரியாதே உங்களுக்கு?"

"அது உன்ர சட்டி. இது பெரிய பானை."

"பெரிய பானையெண்டா வாசமும் பெரிசாத்தானே வரும்."

இதற்குமேல் அவளோடு கதைத்துப் பயனில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் விட மனமில்லை. தவக்காலம் என்று ஒன்றை நாங்கள் இந்த நாட்டில் பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால், அது எங்கள் மேசையில்தான் தெரியவேண்டும். நான் வீட்டில் மீனும் வேலையில் மாடும் என்றிருந்தால் அது தவக்காலமல்ல. திங்கள் தொடக்கம் எல்லாவற்றையும் தராசில் நிறுத்துச் செய்தேன். வியாழன் தம்பி சரியென்ற அளவை வெள்ளி அப்படியே போடுவேன். ஆவியில் முகத்தைக் கொடுத்து மணந்து பார்ப்பேன். மார்ச் முதலாம் தேதி வெள்ளி அப்படித் தப்பியது.

அந்தக் கிழமைகளில் வீட்டில் நடந்ததையும் இங்கே எழுதவேண்டும். ஏனென்றால் அதற்காகத்தான் இவ்வளவும். மாலை ஏழு மணிக்கு நாங்கள் நால்வரும் செபமாலை சொன்னோம். முன்பு அவள் பிள்ளைகளோடு தனியே சொல்லுவாள். மகள் செபமாலையில் தன் பங்குக்கு வரும் பத்து மணிகளைப் பிரெஞ்சில் கடகடவென்று ஓட்டுவாள். மகன் ஐந்தாவது 'அருள்நிறைந்த மரியே' செபத்தில் என் மடியில் சரிவான். ஒருநாள் மகள் தாயிடம், "அப்பா இனி ஒவ்வொருநாளும் நிப்பாரோ?" என்று கேட்டாள். "பாஸ்குவுக்குப் பிறகு சொல்லுறன்" என்றாள் தாய்.

மார்ச் எட்டாம் தேதி வெள்ளி பிசகியது. எலும்புச்சாறு இரவில் வழக்கத்தைவிட வற்றியிருந்தது. நான் அதைக் கவனியாமல் வியாழன் அளவு உப்பையே போட்டேன். மத்தியானம் இரண்டு தட்டுகள் திரும்பி வந்தன. செஃப் விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். அவர் பேசியது பிரெஞ்சு. என் நினைவில் அது எங்கள் பேச்சாகவே நிற்கிறது.

"ஆர் இதை ருசி பாத்தது?"

"ஒருத்தரும் இல்லை."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி கரட்டைப் பார்த்தான். கழுவும் அம்மா தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டார். நான் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்: பாஸ்கு வரை என் வாயில் இறைச்சி படாது. நிறுத்துச் செய்கிறேன், மணந்து பார்க்கிறேன், பிழைத்தால் திரும்பச் செய்கிறேன். ருசி பார்க்க மாட்டேன்.

அவர் பேழை, கிண்ணம், அப்பம் மூன்றையும் வரிசையாகச் சொன்னார். பிறகு, "என்ர அம்மாவும் இப்பிடித்தான் எங்களை வதைச்சவ. அதாலைதான் நான் கோயிலை விட்டனான்" என்றார்.

நான் உப்புக் கூடிய பானையை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை ஆர் ருசி பாக்கிறது?" என்று கேட்டார்.

"இந்தக் குசினியிலை தவக்காலம் இல்லாத ஆள் நீங்கள் ஒராள்தான், செஃப்."

தம்பி பிறகு, "உங்களுக்கு விசரண்ணை. நான் நினைச்சன், இண்டையோடை கணக்கு முடிஞ்சுது எண்டு" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மார்ச் பதினைந்தாம் தேதி வெள்ளி, பானை தயாரானதும் செஃப் தாமே வந்து கரண்டியை எடுத்தார். ருசி பார்த்தார், எலுமிச்சை என்றார், போனார். இருபத்திரண்டிலும் இருபத்தொன்பதிலும் அப்படியே. வேலை எனக்குத்தான் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஏப்பிரல் ஐந்து பெரிய வெள்ளி. உணவகம் திறந்திருந்தது, முற்பதிவுகள் நிறைய. மூன்று மணி வழிபாட்டுக்குப் போகவேண்டும், இரண்டுக்கு வெளிக்கிடுவேன் என்று கிழமைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். அவர் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதனால் விடியற்காலையே வந்து எல்லாப் பானைகளையும் முடித்துவைத்தேன். ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு நாள் என்பதால் வயிறு வெறுமை. ஆவி முகத்தில் அடிக்க, உப்பு மட்டாக இருப்பதாக மூக்குச் சொன்னது.

மேலங்கியைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றபோது செஃப் வந்தார். பெரிய பானையில் கரண்டியை விட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார், வழக்கத்தைவிடச் சற்று நேரம். கரண்டியைத் தொட்டிக்குள் போட்டார்.

"சரி" என்றார். "செவ்வாய்க்கிழமையிலையிருந்து காலமை அட்டவணையிலை உன்ர பேர். இப்ப ஓடு, பூசைக்குப் பிந்தப் போறாய்."

"பூசையில்லை, செஃப். பெரிய வெள்ளியிலை பூசை இல்லை."

"எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ?" என்றார், இன்னும் திரும்பாமல்.

மெற்றோவுக்கு ஓடினேன். மனைவியும் பிள்ளைகளும் கோயில் வாசலில் நின்றார்கள். அவளிடம் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் மகளின் தொப்பியைச் சரிசெய்தபடி, "பிறகென்ன, உள்ளை வாங்கோ" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை, தம்பி என்னைத் தனியாக இழுத்தான். செஃப் அன்று கரண்டியை வாயில் வைக்கவேயில்லை, தொட்டிக்குள் ஊற்றியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தான். தொட்டியடியிலேயே நின்ற ஹெயிற்றிக்கார அம்மா, அவர் வாயில் வைத்து விழுங்கினார் என்றார். அவர்கள் இருவரும் அதுபற்றி ஒருநாளும் உடன்படவில்லை. செஃப்பிடம் நான் கேட்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அன்றைய சோஸைப் பற்றி எந்த மேசையிலிருந்தும் முறைப்பாடு வரவில்லை என்பது தெரியும். 1996 பெரிய வெள்ளியன்று அதை எவராவது ருசி பார்த்தார்களா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.