பெண்டாட்டி விசா

இந்த ஓமான் நாட்டுச் சோஹாரில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "பிசினஸ்" என்பேன். என்ன பிசினஸ் என்ற அடுத்த கேள்வி வருவதற்குள் போன் வந்ததுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்தவன் நான். இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மனைவியின் விசாவில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பெண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிறவனை எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பேசிய வாய்களில் பெரிய வாய் என்னுடையது.

அன்னையர் தினத்துக்கு எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு ஹாலில் கூடுவதாக ஏற்பாடு. குழந்தைகள் "என் அம்மா" என்று தமிழில் பேச வேண்டும். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். அதிகாலையில் எழுந்து தோசை சுடும் அம்மா, சடை பின்னும் அம்மா, டிபன் பாக்ஸ் கட்டும் அம்மா. எழுதியதை வாசித்துக் காட்டும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. மகள் கலங்கவில்லை. அவளுக்கு அப்போது சடை பின்னிக்கொண்டிருந்தவன் நான்தான்.

"பட் அப்பா, இதெல்லாம் நீங்கதானே செய்றீங்க?"

"பேச்சுப் போட்டியில உண்மை பேசுனா பிரைஸ் கெடைக்காது மக்ளே. எழுதுனத அப்படியே சொல்லு."

பிரைஸ் எல்லாம் சும்மா சாக்கு. அப்பாதான் தோசை சுடுவார் என்று மைக்கில் ஒரு வார்த்தை வந்தால் போதும், என் பிசினஸ் அன்றோடு திவால். அந்தப் பயத்தில் ஒரு வாரம் அவளை ஒப்பிக்கவைத்தே கொன்றேன்.

விழா அன்று காலை மனைவி நைட் டியூட்டி முடித்து யூனிபார்மோடு நேராக ஹாலுக்கே வந்துவிட்டாள். கொஞ்சம் படுத்துவிட்டு வந்திருக்கலாமே என்றேன்.

"பிள்ள பேசுறத கேக்காம எனக்கு ஒறக்கம் வருமா? நீங்க போய் முன்னால இரிங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தாள். நான் மீசையை நீவியபடி முதல் வரிசைக்குப் போனேன்.

மகள் மேடையேறி, "அதிகாலையில் எழுந்து..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள். நான் கீழிருந்து வாயசைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"எங்கம்மா காலைல எழும்ப மாட்டாங்க. அப்பதான் வீட்டுக்கே வருவாங்க. தோசை அப்பாதான் சுடுவாங்க. அப்பாவுக்கு ஜாப் இல்ல. எங்க எல்லாருக்கும் அம்மா விசாதான்."

அடிப்பாவி! ஹால் குலுங்கிச் சிரித்தது. பக்கத்திலிருந்தவர் குனிந்து, "பிசினஸ் எப்படிண்ணே போவுது?" என்றார். பூமி பிளக்கவில்லை. நாற்காலியில் முடிந்தவரை சரிந்துகொண்டேன்.

அவள் நிறுத்தவில்லை. "ஆஸ்பத்திரில நைட் யாராவது அழுதா அம்மா பக்கத்துல போய் இருப்பாங்க. அவங்களுக்கு அங்க அம்மா வேணும். அதனால நான் நைட் அழ மாட்டேன்."

சிரிப்பு நின்றது. சரிந்து கிடந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராத்திரி பிள்ளை அம்மாவைத் தேடுவதில்லையே என்று இத்தனை நாளும் நான் என் வளர்ப்பைத்தான் மெச்சிக்கொண்டிருந்தேன், மடையன்.

நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். துறைமுகப் பக்கம் சைட்டில் வேலை பார்ப்பவர். முழங்கை வரை தீக்காயத் தழும்பு.

"பாப்பா சொல்றது நெசங்க. கை வெந்து கெடந்தப்ப வலி தாங்காம 'அம்மா'ன்னு கத்துனேன். இந்த ஊர்ல யாருக்குப் புரியப்போவுதுன்னு நெனச்சேன். 'இங்கதான் இருக்கேன் மக்ளே'ன்னு தமிழ்ல பதில் வந்துச்சு. விடியிற வரைக்கும் என் கைய விடல. அந்த சிஸ்டர் தோ, பின்னாடி உக்காந்திருக்காங்க."

எல்லோரும் திரும்பினார்கள். சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் பேசியதில் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்க மாட்டாள்.

கை தட்ட நாலைந்து பேர் கைகளைத் தூக்கினார்கள். நான் பதறி எழுந்து ரெண்டு கையையும் விரித்து அவர்களைத் தடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அதை எல்லார் முன்னாலும் சொன்னேன். அதையும் சத்தமாகச் சொல்ல முடியவில்லை, கிசுகிசுத்துத்தான் சொன்னேன்.

"அது என் பெண்டாட்டிதான். அவ சம்பளத்துலதான் நான் சாப்பிடுதேன். கை மட்டும் தட்டிராதீங்க, இப்பதான் கண்ணசந்துருக்கா."