சொன்ன டிகிரியில் உருகும் தூள்

எண்பதுகளில் ஓசூரில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் லேபில் எனக்கு ஒரே வேலைதான்: உருகுநிலை பார்ப்பது. குச்சி போன்ற கண்ணாடிக் குழாயில் தூளை அடைத்து, தெர்மாமீட்டரோடு கட்டி, எண்ணெயில் இறக்கிச் சூடேற்றி, எந்த டிகிரியில் உருகுகிறது என்று சொல்ல வேண்டும். சொந்த ஊரான மத்தூரில் உறவுக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். வேடிக்கை பார்க்கவா சம்பளம் தருகிறார்கள் என்பார்கள்.

அந்த வேலைக்கும் ஆபத்து வந்தது. புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட் பெண் தூளைத் தொடுவதில்லை. மூலக்கூறின் படத்தை வரைந்து பார்த்தே எத்தனை டிகிரியில் உருகும் என்று சொன்னாள். இரு பக்கமும் ஒத்திருக்கும் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கிக்கொள்ளும், லேசில் உருகாது. வால் முளைத்துக் கோணலாக இருப்பவை சீக்கிரம் உருகிவிடும் என்றாள். அவள் கணக்கு தொடர்ந்து சரியாக வந்தால் உருகுநிலை பார்க்கும் இந்த பெஞ்ச் எதற்கு, உன்னை பேக்கிங்குக்கு அனுப்பிவிடலாம் என்று மேனேஜர் என்னிடமே சொன்னார்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. என்ன டிகிரி வர வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் சாம்பிளைக் கொடுப்பார்கள். அவளும் அப்படியே கொடுத்தாள். அவள் தோற்க வேண்டும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள் சொன்னதை ஒட்டியே உருகியது. எனக்கு வயிறு எரிந்தது. எங்கிருந்தோ எண்களைத் திருடி வந்திருக்கிறாள், இல்லாவிட்டால் யாரையோ கையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்பே சோதித்துவிடுகிறாள் என்று கேண்டீனில் சொல்லித் திரிந்தேன்.

சானமாவுக் காட்டுப் பக்கம் சாலையில் யானை நின்றதால் கம்பெனி பஸ் வராத ஒரு நாள், லேபில் நாங்கள் இருவர்தான். நூற்று இருபது வரும் என்று ஒரு தூளைக் கொடுத்தாள். நான் பார்த்துவிட்டு நூற்று இருபத்தொன்று என்றேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, படத்தப் பாத்துச் சொன்னா இவ்ளோ கிட்ட வரவே வராதுங்க. பத்து இருவது முன்ன பின்னதான் இருக்கும். எனக்கே டவுட்டாப் போச்சு. அதான் இன்னிக்கு வேணும்னே கொறச்சுச் சொன்னேன். அதுக்கும் உங்களுக்கு உருகிடுச்சே."

நான் அவளைச் சந்தேகப்பட்ட காலமெல்லாம் அவளும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். ஆத்திரத்தோடு புதுக் குழாயை அடைத்து மறுபடி இறக்கினேன். எங்களுக்கு வருவதெல்லாம் சுத்தம் செய்யாத தூள். பட்டென்று உருகாது, முதலில் சுருங்கும், பிறகு வியர்ப்பதுபோல் ஈரம் கசியும், அதன் பிறகே உருகும். நூற்று இருபதில் அது சுருங்க மட்டுமே செய்தது. அதைத்தான் உருகியதாகப் பார்த்திருக்கிறேன். உருகியது நூற்று முப்பதைத் தாண்டித்தான்.

அவளே மேனேஜரிடம் போய், தன் கணக்கை நம்பி பெஞ்சை எடுக்க வேண்டாம், ஆனால் பார்ப்பவரிடம் எண்ணை முன்கூட்டியே சொல்லவும் வேண்டாம் என்றாள். என் வேலை தப்பியது. சந்தோஷம்தான் வரவில்லை. அதற்குப் பிறகு, தூள் உருகி நீராக நிற்பதைக் கண்ணெதிரே பார்த்தாலும், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, உருகிவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.