தம்பி குடிக்காத காப்பி

முதலில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதன் பிறகு தீப்பெட்டி ஆபீஸில் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமே பேனா பிடித்தவன். என் எழுத்து கோணல். பிழையும் அதிகம். அச்சாபீஸ்காரர் திருத்தித் தருவதாகச் சொன்னார். "பிழையத் திருத்துங்க. விசயத்தத் திருத்திராதிய" என்று கேட்டுக்கொண்டேன்.

இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் உறவினர்கள் இரங்கல் எழுதியிருக்கிறார்கள். தம்பி தங்கமானவன், பொறுமைசாலி, யார் மனமும் நோகப் பேசாதவன் என்று படித்திருப்பீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவன் உயிரோடு இருந்தபோது இதே வாய்கள் என்ன பேசின என்று எனக்குத் தெரியும். நான் பேசாதவன் என்பதால் எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டார்கள்.

தம்பி பிறந்தது எப்போதும்வென்றான் என்ற எங்கள் கிராமத்தில். அவனுக்கும் எனக்கும் பதினைந்து வயது வித்தியாசம். இடையில் பிறந்தவை தங்கவில்லை. அப்பா கம்பும் பருத்தியும் போட்டார். மழை பெய்த வருடம் சாப்பிட்டோம். தம்பிக்கு ஆறு வயதில் அம்மாவும் எட்டு வயதில் அப்பாவும் போய்விட்டார்கள். நான் அப்போது கோவில்பட்டியில் வேலையில் இருந்தேன். ஊரில் அவனை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. இடைசெவல் அத்தை நாலு நாள் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் பஸ்ஸில் ஏற்றி என்னிடம் அனுப்பிவிட்டார். அந்த நாலு நாளை இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சின்ன வயதில் தம்பி பொறுமைசாலி இல்லை. இரங்கல் எழுதியவர்களுக்கு இது தெரியாது, ஏனென்றால் அவர்கள் அப்போது வந்து பார்த்ததே இல்லை. குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான். என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அது பெரிதாக இருக்கிறது என்று என்னிடமே சண்டை போடுவான். பத்தாம் வகுப்பு முடித்ததும் கோயம்புத்தூருக்கு மில் வேலைக்குப் போனான்.

அங்கிருந்துதான் அந்தக் கடிதம் வந்தது. ஒரு வீட்டின் முன்னறையில் கூடுகிற, மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையில் ஞானஸ்நானம் எடுத்துவிட்டதாகவும், இரண்டு வருடம் சம்பளம் இல்லாத ஊழியத்துக்குப் போவதாகவும் எழுதியிருந்தான். சாராயம், பீடி, தேயிலை, காப்பி எதுவும் இனிமேல் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறானாம். கூடவே ஒரு போட்டோ. வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, சட்டைப்பையின் மேல் கறுப்புப் பட்டை. அதில் அவன் பெயருக்கு முன்னால் 'மூப்பர்' என்று பொருள்படும் ஆங்கில வார்த்தை. அந்தச் சபையில் இருபது வயதுப் பையன்களுக்கும் ஊழியம் செய்யும்போது அதுதான் பட்டமாம்.

போட்டோவைப் பார்க்க உறவினர்கள் வந்தார்கள். தாயில்லாப் பிள்ளையைப் பார்க்க வராதவர்கள், போட்டோவைப் பார்க்க வந்தார்கள்.

"மூப்பராம்லா" என்றார் அத்தை. "மீசையையும் எடுத்துட்டு நிக்கான். அப்பன் செத்த கேதத்துக்கு மழிச்சவன் மாதிரி."

"கழுத்துல என்னலே கயிறு?" என்றார் சித்தப்பா. "சந்தைக்குக் கொண்டுபோற கிடாயா?"

"எல்லாம் போகட்டும். காப்பி குடிக்க மாட்டானாமே. காப்பி குடிக்காதவன் வீட்டுக்கு எவன் போவான்?" என்றார் அத்தை மறுபடியும்.

எங்கள் பரம்பரையே வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள். வேறு சபைக்குப் போனதைக்கூட மன்னித்திருப்பார்கள், காப்பியை விட்டதை மன்னிக்கவில்லை. நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே இதெல்லாம் பேசினார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

தம்பி வாரம் தவறாமல் கடிதம் போட்டான். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இருந்தான். ஊழியக்காரர்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும், ஒருவர் கண்ணில் படாமல் மற்றவர் போகக்கூடாது என்பது அவர்கள் சட்டம். விடியும் முன்னே எழுந்து படிப்பு, பிறகு சைக்கிளில் வீடு வீடாகப் போவது. 'இன்று ஒன்பது கதவு சாத்தினார்கள். பத்தாவது வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்துவிட்டுச் சாத்தினார்கள்' என்று ஒரு கடிதத்தில் இருந்தது. ஆரம்பத்தில் எழுதிய கடிதங்களில் கதவு சாத்தியவர்கள் மேல் கோபம் இருக்கும். ஒரு வருடம் ஆன பிறகு அந்தக் கோபத்தைக் காணோம். சாத்தியவர்கள் வீட்டில் பிள்ளை அழுதது, நோயாளி இருமியது, இதெல்லாம் எழுத ஆரம்பித்தான். கதவு சாத்துகிற நேரத்துக்குள் அவ்வளவையும் பார்த்திருக்கிறான்.

அவனோடு ஜோடியாக இருந்தவர் ராஜமுந்திரிப் பக்கத்துத் தெலுங்குப் பையன். தம்பி இறந்த பிறகு அவர் எனக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை அச்சாபீஸ்காரர் மகள் படித்துச் சொன்னாள். ஒருநாள் அவருக்கு வீட்டு ஞாபகம் தாங்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டாராம். தனியே விடக்கூடாது என்று தம்பியும் கூடவே போயிருக்கிறான். புத்தி சொல்லவில்லை. வேத வசனம் சொல்லவில்லை. பெட்டியின் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டான். ரயில்கள் வந்து போயின. சாயங்காலம் அந்தப் பையன், "பசிக்கிறது" என்றதும் இருவரும் எழுந்து அறைக்கு வந்துவிட்டார்கள். அன்றன்று செய்த வேலையை மேலிடத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். தம்பி எழுதியது இவ்வளவுதான்: 'இன்று வேலை நடக்கவில்லை. பொறுப்பு என்னுடையது.'

இதை நான் அப்போதே தெரிந்துகொண்டிருந்தால் பின்னால் நடந்ததற்கு அர்த்தம் புரிந்திருக்கும்.

ஊழியம் முடித்துக் கோவில்பட்டிக்கு வந்து சைக்கிள் கடை போட்டான். தன் துணியைத் தானே துவைத்தான். என் துணியையும் துவைத்தான். குழம்பில் உப்பே இல்லை என்றாலும் பேசாமல் சாப்பிட்டான். அவனுடைய சபை இந்தப் பக்கத்தில் எங்கும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து ஜெபித்துப் பாட்டுப் பாடுவான். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பார்கள். "வாங்க, உள்ள வந்து சிரிங்க" என்பான். ஒருவரும் வரமாட்டார்கள். கேலி செய்கிறவர்களுக்குத் தைரியம் வாசல்வரைதான்.

அத்தை ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். புதியம்புத்தூரில் பெண். தகப்பனார் தையல் மெஷின்கள் வைத்து ரெடிமேட் சட்டை தைத்து அனுப்புகிறவர். பெண்ணும் மெஷினில் உட்காருகிறவள். தம்பிக்குச் சம்மதம். ஆனால் அவனுக்கு ஒரு கவலை இருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் பெண்ணே காப்பி கொண்டுவருவாள். மாப்பிள்ளை குடித்தால் சம்மதம். தொடாமல் வைத்தால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்குமேல் அந்த வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பாயைச் சுருட்டிவிடுவார்கள்.

"அண்ணே, நான் காப்பி தொட மாட்டேன்னு முன்னாலயே அவியகிட்டப் போய்ச் சொல்லிருங்க" என்றான் தம்பி. "நானே போய்ச் சொல்லிருவேன். மாப்பிள்ளை போனா மரியாதையா இருக்காது. நீங்கதான் அப்பா இடத்துல இருக்கிய."

நான் பஸ் ஏறிப் போனேன். இதுவரை யாருக்கும் சொல்லாதது இதுதான். பெண்ணின் தகப்பனார் எழுந்து வரவேற்றார். "வாங்க அண்ணாச்சி, இங்கன இருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் வாயைத் திறக்கும் முன் காப்பி வந்துவிட்டது. எடுத்துக் குடித்தேன். குடித்த பிறகு, என் தம்பி இதைத் தொடமாட்டான் என்று எப்படிச் சொல்வது? மெஷின் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அது நின்றது. அவர் மழையைப் பற்றிப் பேசினார். நான் ஆமாம் என்றேன். பருத்தி விலையைப் பற்றிப் பேசினார். ஆமாம் என்றேன். பிறகு எழுந்து பஸ் ஏறி வந்துவிட்டேன்.

"சொல்லிட்டியளாண்ணே?" என்று தம்பி கேட்டான்.

"சொல்லியாச்சு" என்றேன்.

நாற்பது வயது ஆண்பிள்ளை, ஒரு வரி சொல்ல முடியாமல் திரும்பி வந்து, பொய்யை மட்டும் தடுமாறாமல் சொன்னேன்.

பெண் பார்க்கப் போன அன்று அத்தை, சித்தப்பா எல்லாரும் வந்தார்கள். பெண் தட்டோடு வந்து தம்பி முன்னால் நின்றாள். தம்பி சிரித்த முகத்தோடு, "எனக்கு வேண்டாம்" என்றான். அவர்களுக்கு விஷயம் தெரியும் என்ற நம்பிக்கை அவனுக்கு. பெண்ணின் தகப்பனார் முகம் கறுத்துவிட்டது. பெண் தட்டோடு அப்படியே நின்றாள். தம்பி அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். ஒரு தடவைதான்.

"மாமா, நான் காப்பி குடிக்கது கிடையாது. வாக்குக் குடுத்திருக்கேன். முன்னாலயே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். தப்பு என்னுது" என்றான்.

"பொண்ணு பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார் அவர். "அதுக்கு எதுக்கு வேதத்த இழுக்கிய?"

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த டம்ளர் காலியானால் போதும் என்று தோன்றியது. எட்டி எடுத்து, சூட்டோடு ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"ஏ, பொண்ணு பெரியவனுக்கா?" என்றார் சித்தப்பா. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா." அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பெண் உள்ளே போய்விட்டாள். பாயைச் சுருட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை கோவில்பட்டி வரைக்கும் தம்பியின் சபையைத் திட்டிக்கொண்டே வந்தார். "அந்த மூப்பர் வேசம்தான் இவன் குடியக் கெடுத்துச்சு" என்றார். ஊரெல்லாம் அப்படித்தான் பேசினார்கள். தம்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாவின் நகைச்சுவையை இளப்பமாக நினைக்கிறேன். அத்தையின் முந்தானையையும்தான். ஆனால் அவர்கள் தெரியாமல் பேசினார்கள். தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்திருந்தவனை என்னவென்று சொல்வது?

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை தம்பி சைக்கிளை எடுத்தான். புதியம்புத்தூருக்குத் தனியாகப் போனான். நடந்ததைத் தம்பி மனைவி பின்னால் எனக்குச் சொன்னாள். முதல் வாரம் அவள் தகப்பனார் கதவைச் சாத்தினார். இரண்டாம் வாரம், "வீட்டுல யாருமில்ல" என்று உள்ளேயிருந்து அவரே சொன்னார். மூன்றாம் வாரம் வெளியே வந்து, "உமக்கு வெக்கமே கிடையாதா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு மாமா. ரெண்டு வருசம் கதவு தட்டுனதுல போயிருச்சு."

நான்காம் வாரம் நல்ல வெயில். அவர் வாசலை மறித்து நின்றார். உள்ளே மெஷின் நின்றது. "அப்பா, அவிய வேண்டாம்னது காப்பியத்தான். என்னைய இல்ல" என்று சொல்லிக்கொண்டே பெண் ஒரு செம்போடு வந்தாள். கம்மங்கூழ், மோர் விட்டுக் கரைத்தது, வெங்காயம் நறுக்கிப் போட்டது. மாப்பிள்ளைக்குக் கூழ் கொடுக்கிற வழக்கம் எங்கும் கிடையாது. காட்டு வேலைக்கு வந்த ஆளுக்குக் கொடுப்பது அது.

"கூழு குடிப்பீரா?" என்றார் தகப்பனார்.

"கூழுக்கு எங்க சபையில தடை ஒண்ணும் இல்ல மாமா."

நின்றபடியே இரண்டு செம்பு குடித்தான். அவர் வழியை விட்டார்.

கல்யாணத்துக்கு அத்தை வரவில்லை. கூழ் ஊற்றிய வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். அதனால் நடந்தது, ஓர் ஆள் சாப்பாடு மிச்சமானதுதான்.

மூன்று வருடம் நன்றாக வாழ்ந்தார்கள். பிறகு தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்துக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண் மஞ்சளாகி, உடம்பு கயிறாகிக் கிடந்தான். ஒரு மத்தியானம் அவன் மனைவி வெளியே போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணே, அன்னைக்கு மாமாகிட்ட நீங்க சொல்லலதான?"

"இல்லப்பா."

"எனக்கு அன்னைக்கே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா ஊரவிட்டே போயிருப்பிய" என்று சிரித்தான். சிரிக்கவும் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"இப்பமே போய் மாமாகிட்டச் சொல்லிருதேன்" என்றேன்.

"உங்களால முடியாதுண்ணே. ஒருநாள் எழுதிருங்க. எழுதுறதுக்கு வாய் வேண்டாம்லா."

நாலு நாள் கழித்து இறந்துபோனான்.

அடக்கத்தன்று எங்கள் வாசலில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டார் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, "குடிக்காமலா காமாலை வரும்? தெரியாமக் குடிச்சிருப்பான்" என்று பேசினார்கள். பேசியவர்களில் இருவருடைய இரங்கல் இந்த மலரில் இருக்கிறது. மறுபடியும் படித்துப் பாருங்கள், நன்றாக எழுதியிருக்கிறார்கள். என் தம்பி வாக்குக் கொடுத்த நாளிலிருந்து சாராயத்தையும் தொடவில்லை, காப்பியையும் தொடவில்லை. இதை நான் சொன்னால் போதும். கூட இருந்தவன் நான்.

உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவனோடு பெட்டியின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த ராஜமுந்திரித் தோழருக்கு. ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் துணி மாற்றிவிட்ட ஆயாவுக்கு. வெயிலில் நின்றவனுக்குக் கூழ் கொடுத்த என் தம்பி மனைவிக்கு. நான்காம் வாரம் வழியை விட்ட அவள் தகப்பனாருக்கு. ஐயா, உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வரி சொல்லாமல் எழுந்து வந்தவன் நான். உங்கள் மகளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தது என் தம்பியும் அல்ல, அவன் வேதமும் அல்ல. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. யாராவது இதை விடாமல் படித்துக் காட்டுங்கள்.

முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு எல்லாரும் வர வேண்டும். அன்று எங்கள் வீட்டில் காப்பி கிடையாது. கம்மங்கூழ் கரைத்து வைத்திருப்போம்.

எழுதி முடித்தது: 1989, சித்திரை மாதம் இரண்டாம் சனிக்கிழமை, கோவில்பட்டி.