அம்மாவோடு ஊட்டிக்குக் கிளம்பிய காலை

அம்மா மலையைப் பார்த்ததே இல்லை. பழவேற்காடு ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, கையால் தடவித் தடவி இறால் பிடித்து என்னை வளர்த்தவள். போன தை மாதம் அவளை ஊட்டிக்குக் கூட்டிப்போக என் பைக்கை எடுத்தேன்.

எங்கள் ஊர் தோணிரேவிலிருந்து கிளம்பும்போது ஏரி தெரியாத அளவுக்குப் பனி. புடவைக்கு மேல் என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறியவள், சீட்டுக் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டாள். நான் பெரியவளான பிறகு நாங்கள் கட்டிக்கொண்டதே இல்லை.

பொன்னேரி தாண்டியதும் அவள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ஓரமாக நிறுத்தினேன்.

"இன்னாம்மா, ரொம்ப குளுருதா? திரும்பிடலாமா?"

"தண்ணில எவ்ளோ நேரம்னாலும் இருப்பேன். இந்தக் காத்துதான் தாங்கல. அதுக்குன்னு திரும்புவாங்களா? நீ போ."

அவள் கைகளை எடுத்து என் ஜாக்கெட் பாக்கெட்டுகளுக்குள் வைத்தேன். இறால் முள் குத்திக் காய்த்துப்போன விரல்கள் ஐஸாக இருந்தன. வண்டி நகர்ந்த கொஞ்ச நேரத்தில், பாக்கெட்டுக்குள்ளிருந்தே அந்தக் கைகள் என் வயிற்றை இறுக்கிக்கொண்டன.

"இப்ப நல்லாக்கீதுடி," என்று காற்றை மீறிக் கத்தினாள்.

வழியில் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் மலையேறியபோது நல்ல வெயில். அப்போதும் அவள் கைகளை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.