கூழில் கரைத்த மாத்திரை

என் கணவருக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த மனுஷனுக்கு இருந்த கோபத்துக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். அரூர் தாலுகா ஆபீஸில் கிளார்க் வேலை. அங்கே அடக்கி வைத்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து என் தலையில் கொட்டுவார். அது அறுபதுகளின் கடைசி. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த மாத்திரை ஒன்றைத் தினமும் போடச் சொன்னார்கள். இரண்டே மாதத்தில் அழுத்தம் இறங்கியது, கோபமும் இறங்கியது. என் நவநாள் ஜெபம் பலித்துவிட்டதென்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன்.

கோபம் மட்டுமா இறங்கியது? மாதா கோயிலில் எல்லோருக்கும் மேலே கேட்கிற பாட்டுக் குரல் அவருடையது. பாட்டை நிறுத்திவிட்டார். வீடு அமைதியாக இருந்த சந்தோஷத்தில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பூசை முடிந்து வந்தவர் சொன்னார்: "அந்த மாத்திரையப் போட்டா உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது புள்ள. இந்தத் தவக்காலத்துல அத வுட்டுடறேன்."

ஊரில் மற்றவர்கள் கறியை விடுவார்கள், பீடியை விடுவார்கள். இவர் மருந்தை விடுகிறாராம்! எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அழுத்தம் ஏறுமே என்பதைவிட, பழைய மனுஷன் திரும்பி வந்துவிடுவாரே என்ற பயம்தான் பெரிது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மறுநாளிலிருந்து மாத்திரையைப் பொடித்து, கேழ்வரகுக் கூழில் கரைத்துக் கொடுத்தேன். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு. வேர்தானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் இளைத்துக்கொண்டே போனார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்தில் நிலைக்கு நிலை கண்ணீர் விட்டார். யாரோடும் பேச்சில்லை. தவம் என்றுதான் ஊரே நினைத்தது. கோயில் பங்குச் சாமியார்கூட என்னைக் கூப்பிட்டு, "உங்க வூட்டுக்காரரு மாதிரி தவக்காலம் இருக்கறவங்கள நான் பாத்ததில்லம்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தவக்காலம் முடிந்து உயிர்ப்புத் திருநாள் வந்தது. எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு கொதித்தது. அவர் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "எல்லாருக்கும் முடிஞ்சிருச்சு. எனக்கு மட்டும் முடியல" என்றார். மறுநாள் காலையில் வயல் கிணற்று மேட்டிலிருந்து இரண்டு பேர் அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தார்கள்.

சேலத்து மனநல டாக்டர் முதலில் கேட்டதே, "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றுதான்.

"நாப்பது நாளா எதுவுமே போடறதில்லைங்க" என்றார் இவர்.

நான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்தேன். இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் திட்டவில்லை, பொறுமையாகவே விளக்கினார். நரம்பு முனைகளில் கண்ணுக்குத் தெரியாத பைகள் உண்டாம். மனதைக் கிளப்புகிற ரசாயனங்களை அந்தப் பைகளுக்குள் ஏற்றிவைக்கச் சுமைதூக்கிகள் உண்டாம். இந்த மருந்து அந்தச் சுமைதூக்கிகளின் கையைக் கட்டிப்போடுகிறது. வெளியே கிடக்கும் சரக்கு அழிந்துபோகிறது. பை காலி. ரத்தக்குழாயை இறுக்கச் சொல்லும் நரம்பிலும் காலி, அதனால் அழுத்தம் குறைகிறது. மூளையிலும் காலி, அதனால் சிலருக்கு மனசு விழுந்துவிடுகிறது. "இவரு தவம் இருக்கலம்மா. உள்ள எதுவுமே மிச்சமில்ல" என்றார். மருந்தை நிறுத்தினாலும் பைகள் நிரம்ப வாரக்கணக்கில் ஆகும் என்றார்.

ஆனது. வேறு மருந்து கொடுத்தார்கள். மழைக்காலம் தொடங்கும்போது கோயிலில் அவர் குரல் கேட்டது. நான் முக்காட்டுக்குள் அழுதேன். கோபமும் வந்தது. ஆபீஸில் கத்தினார், பிள்ளைகளிடம் கத்தினார். என்னை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அடுப்படிக்கு வருவார், நான் முதலில் சாப்பிடும்வரை நிற்பார், அதே பானையிலிருந்து தன் கையாலேயே போட்டுக்கொள்வார். சாகும்வரை அப்படித்தான் சாப்பிட்டார்.