எண்ணெய்த் தாம்பாளத்தில் சூரியன்

எனக்கு வாய் ஜாஸ்தி. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். விடை தப்பினால் குரல் தானாக ஏறிவிடும். இந்த ஒரு விஷயத்திலாவது அடக்கியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் கப்பலில் மாலுமி. இருபது வருஷம் கயிறு இழுத்தவர், அதிகாரியாக வேண்டுமென்று பரீட்சை எழுதினார். எழுத்தில் தேறிவிட்டார். நேர்முகத்தில் இரண்டு தடவை போயிற்று, இரண்டு தடவையும் செக்ஸ்டண்ட் கேள்வியில். "இந்தத் தடவையும் போச்சுன்னா விட்டுடறேன்" என்று மார்கழி லீவில் பழைய செக்ஸ்டண்ட் ஒன்றோடு வந்து இறங்கினார்.

அது வேறொன்றுமில்லை, கோணம் அளக்கிற கருவி. ஒரு கண்ணாடி அசையாது, இன்னொன்று நகரும். நகர்த்த நகர்த்த, சூரியன் இறங்கி வந்து கடல் விளிம்பில் உட்காரும். உச்சிவேளையில் அந்தக் கோணத்தைப் படித்தால் எந்த அட்சரேகையில் நிற்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடலாம். திருப்பனந்தாளில் கடல் விளிம்புக்கு எங்கே போக? மொட்டை மாடியில் நின்றால் சுற்றிலும் தென்னைதான். தாம்பாளத்தில் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்தோம். தண்ணீர் காற்றுக்குச் சிலிர்க்கும், எண்ணெய் அப்படியே கிடக்கும். மேலே இருக்கிற சூரியனை எண்ணெயில் தெரிகிற சூரியனோடு ஒட்டவைத்தால் கோணம் இரண்டு மடங்காக வரும், பாதியாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நாள் கணக்கில் எங்கள் வீடு கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருந்தது! நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். கண் உயரத்துக்கு என்று ஒரு கழித்தல் போட்டிருந்தார். கப்பலில் உயரத்தில் நின்று பார்த்தால் கடல் விளிம்பு தாழ்ந்து தெரியும், அதற்காகக் கழிப்பது. எண்ணெயில் விளிம்பே கிடையாது, கழிக்கக் கூடாது.

"ஏங்க, இங்க கடல் எங்க இருக்கு? எதுக்குக் கழிக்கிறீங்க?"

"கோச்சிங்ல மனப்பாடம் பண்ணுனது. பழக்கதோஷம்."

"அந்தப் பழக்கத்தத் தலையைச் சுத்தித் தூக்கிப் போடுங்க!"

மறுநாளும் கழித்தார். மறுநாளும் கத்தினேன், பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. நாலாம் நாள் கழிக்கவில்லை. வீடு திருப்பனந்தாளுக்கே வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் ஒரு வாரம் ஒரு நாள்கூடத் தப்பவில்லை. எனக்குப் பெருமை தாங்காமல் பாயசம் வைத்தேன்.

நேர்முகம் முடிந்து சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடலில் எடுத்த அளவு ஒன்றைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார்களாம். போட்டு நீட்டியதும், "உங்க கண் எவ்வளவு உயரத்துல இருந்துச்சு?" என்று கேட்டார்களாம். கழிக்காமல் விட்டது தப்பென்று அப்போதுதான் உறைத்திருக்கிறது. கணக்கில் கப்பல் ஒன்பது மைல் தள்ளி நின்றது.

"கழிக்கணும்னு தோணவே இல்லையா?"

"தோணுச்சு. பேனாவக்கூட வச்சேன். இங்க கடல் எங்க இருக்குன்னு நீ கத்துனது காதுல விழுந்துச்சு. விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். செக்ஸ்டண்டைப் பெட்டியில் வைத்து மூடி என்னிடம் நீட்டினார். "உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு ஆகும், வச்சுக்க."

வாங்கிக்கொண்டேன். என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. தை முடிவதற்குள் மறுபடியும் கயிறு இழுக்கக் கப்பல் ஏறிவிட்டார்.